மெட்ரோ நம்ம காசு, நில விலை ஏறுற லாபம் யாருக்கு?

வீட்டுக் கடன் பத்தி எப்ப வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும்: "மெட்ரோ பக்கத்துல சின்னதா வாங்கலாமா, இல்ல தள்ளிப் போய் பெருசா வாங்கலாமா?" வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தப் பதில் பாதிதான் உண்மையா இருக்கும். மீதிப் பாதி உங்க சம்பளத்துலயும் இல்ல, பேங்க் வட்டியிலயும் இல்ல. நகரத் திட்டத்துல எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு போட்டிருக்கிற வரைபடத்துல இருக்கு.

நான் ஒரு ஆடிட்டர், நகரத் திட்ட நிபுணர் இல்ல. ஆனா மாசா மாசம் நம்ம பாக்கெட்ல இருந்து போற காசுல பெரும்பங்கை அந்த வரைபடம்தான் முடிவு பண்ணுது. அதனால இது நம்ம ஏரியாவுக்குள்ளதான் வருது.

முதல்ல கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். எல்லாம் கணக்குக்காக நான் வச்ச எண்கள். உங்க எண்ணைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

வீடு 1: நகரத்துக்கு வெளியே, ஆபீஸ்ல இருந்து 30 கிலோமீட்டர். விலை 60 லட்சம். வீடு 2: மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம். கொஞ்சம் சின்னது. விலை 75 லட்சம். ரெண்டுக்கும் கையில இருந்து 15 லட்சம் போடுறீங்க. அப்போ கடன் 45 லட்சம், 60 லட்சம். 8.5% வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு 868 ரூபாய் இஎம்ஐ. அதாவது வீடு 2-க்கு மாசம் சுமார் 13,000 ரூபாய் கூடுதல். பத்திரச் செலவு வித்தியாசத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

"13,000 கூடுதலா? வேண்டாம்பா"ன்னுதான் பெரும்பாலும் முடிவு எடுக்கிறோம். ஆனா வீடு 1-க்கு இன்னொரு இஎம்ஐ இருக்கு. அது பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியாது.

தினமும் போக வர 60 கிலோமீட்டர், மாசம் 22 நாள்: 1,320 கிலோமீட்டர். சிட்டி டிராஃபிக்ல கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் குடுக்குது, பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சா 11,000 ரூபாய். 9 லட்சம் குடுத்து வாங்கின காரை 8 வருஷம் கழிச்சு 2 லட்சத்துக்கு விக்கிறீங்கன்னா தேய்மானம் மாசம் சுமார் 7,290. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 3,500. மொத்தம் 21,790 ரூபாய்.

வீடு 2-ல இருந்து மெட்ரோவுல போக 40, வர 40, இறங்கின இடத்துல ஷேர் ஆட்டோவுக்கு 40. மாசம் 2,640 ரூபாய். வித்தியாசம் 19,150. கூடுதல் இஎம்ஐ 13,000 போக, மாசம் 6,000 ரூபாய்க்கு மேல மிச்சம். கூடவே, 20 வருஷம் கழிச்சு வீடு உங்க கையில இருக்கும். கார் இருக்காது.

கணக்கு அழகா இருக்குல்ல? இப்போ இதை நானே உடைக்கிறேன்.

இந்தக் கணக்கு எங்க உதைக்குது?

முதல் விஷயம். அந்த மிச்சம், கார் இல்லாமலே வாழ முடிஞ்சாத்தான் வரும். ஆபீஸுக்கு மெட்ரோவுல போயிட்டு, பிள்ளையை ஸ்கூல்ல விட, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, காய்கறி வாங்கன்னு கார் வீட்டுல நின்னுக்கிட்டே இருந்தா, தேய்மானமும் இன்ஷூரன்ஸும் எங்கயும் போகாது. பெட்ரோல் மட்டும்தான் மிச்சம். 11,000-ல மெட்ரோ செலவு 2,640 போக 8,360. கூடுதல் இஎம்ஐ 13,000. கணக்கு தலைகீழா ஆயிடுச்சு!

அப்போ வீடு ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. ஸ்கூல், கடை, கிளினிக் எல்லாம் நடக்கிற தூரத்துல இருக்கணும். ஆபீஸும் இன்னொரு ஸ்டேஷன் பக்கத்துல இருக்கணும். இதுல ஒண்ணுகூட நீங்க தனியா முடிவு பண்ற விஷயம் இல்ல.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பைக்ல போறவருக்கு இதே கணக்கைப் போடுங்க. 1,320 கிலோமீட்டர், லிட்டருக்கு 45: பெட்ரோல் 2,930 ரூபாய். தேய்மானம், சர்வீஸ் எல்லாம் 2,500. மொத்தம் 5,430. வீட்டுல ரெண்டு பேர் ரெண்டு பைக்ல போனாக்கூட 10,860-தான். கூடுதல் இஎம்ஐயை அது எட்டவே இல்ல. அதனாலதான் சென்னையில இத்தனை பேர் வெயில்லயும் மழையிலயும் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் பைக் ஓட்டுறாங்க. அவங்களுக்குக் கணக்கு தெரியாம இல்ல. நல்லாவே தெரிஞ்சுதான் ஓட்டுறாங்க.

யோசிச்சுப் பாருங்க. மெட்ரோ யாருக்கு அதிகம் தேவையோ அவங்களால ஸ்டேஷன் பக்கத்துல வீடு வாங்க முடியல. யாரால வாங்க முடியுதோ அவங்க வீட்டுல ஏற்கெனவே கார் நிக்குது. என் வாதம் முழுக்க இந்த ஒரு முரண்பாட்டைச் சுத்தித்தான்.

ரயில் மட்டும் போட்டா என்ன ஆகும்?

இதுக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். நம்ம பறக்கும் ரயிலையே பாருங்க. பீச்ல இருந்து சேப்பாக்கம் வரைக்கும் 1995-ல் வந்தது. வேளச்சேரி வந்து சேர்ந்தது 2007-ல். ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் கல்யாண மண்டபம் மாதிரி பெருசு. ஆனா உள்ள கடைகளுக்குன்னு கட்டின இடம் வருஷக்கணக்கா காலியாக் கிடந்தது. பல ஸ்டேஷன்ல இருந்து மெயின் ரோட்டுக்கு ஒழுங்கா நடந்து வர வழி இல்ல. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பார்த்த கதைதான். அதே லைன்ல திருவான்மியூர் ஸ்டேஷன் பக்கம் டைடல் பார்க் இருக்கு. காலையில அங்க இறங்குற கூட்டத்தைப் பாருங்க. ஆபீஸும் ரயிலும் பக்கத்துப் பக்கத்துல வந்தா என்ன நடக்கும்னு தெரியும்.

ஓஎம்ஆர் அதுக்கு நேர் எதிர். முதல்ல கட்டடம், அப்புறம் ரோடு, கடைசியா ரயில். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரின்னு ஐடி கம்பெனிங்க வந்து, அபார்ட்மென்ட் வந்து, லட்சக்கணக்கான பேர் குடியேறி, எல்லாரும் கார் கடனும் வாங்கி முடிச்ச பிறகுதான் நடு ரோட்டுல மெட்ரோ தூண் எழும்புது.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. பக்கத்துலயே தாம்பரம்–செங்கல்பட்டு தண்டவாளம் ஓடுது. ஆனா திறந்த அன்னிக்கு ரயில் நிக்க அங்க ஸ்டேஷன் இல்ல. தெற்கே இருந்து வர்ற குடும்பம் ராத்திரி மூட்டை முடிச்சோட இறங்கி ஆட்டோவுக்குக் குடுத்த காசு எந்தத் திட்ட மதிப்பீட்டுலயும் வராது. அவங்க பர்ஸ்ல இருந்துதான் போச்சு.

நம்ம ஊர்லயே சரியா நடந்ததும் இருக்கு. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பிச்சது. 1920-கள்ல திட்டம் போட்டு உருவாக்கின தியாகராய நகர், மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டியே வளர்ந்தது. ரங்கநாதன் தெருவுக்குள்ள கார் போகாது, பார்க்கிங் கிடையாது. ஆனா தீபாவளி சமயத்துல அங்க நடக்கிற வியாபாரத்தைச் சொல்லவே வேண்டாம். கூட்டத்தைக் கொண்டு வர்றது ரயிலும் பஸ்ஸும்தான். மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாதை 2023-ல்தான் வந்தது. ரொம்ப லேட், ஆனாலும் சரியான வேலை.

எஃப்.எஸ்.ஐ: ரெண்டு நிமிஷப் பாடம்

ஃபிளாட் வாங்கும்போது இந்த வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிறதுதான் எஃப்.எஸ்.ஐ. 2,400 சதுர அடி மனையில எஃப்.எஸ்.ஐ 2-ன்னா மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம். தமிழ்நாட்டுல 2019 கட்டட விதிகள்படி சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. அதுக்கு மேல கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ வாங்கலாம், அதிகபட்சம் 50% வரைக்கும். எவ்வளவு கிடைக்கும்ங்கிறது முக்கியமா முன்னாடி இருக்கிற ரோட்டோட அகலத்தைப் பொறுத்தது.

ரோடு அகலத்தைப் பார்க்கிறதுல தப்பில்ல, தீயணைப்பு வண்டி போகணும். ஆனா ரோட்டை வச்சே எல்லாம் முடிவாச்சுன்னா, அகல ரோடு இருக்கிற புறநகர்ல உயரமான டவர் வரும், ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற தெருவுல ரெண்டு மாடி வீடே நிக்கும். அகமதாபாத் இதை வேற மாதிரி யோசிச்சது. பஸ் விரைவுப் பாதை, மெட்ரோ ரெண்டு பக்கமும் 200 மீட்டரை தனி மண்டலமா அறிவிச்சு அங்க எஃப்.எஸ்.ஐ 4 வரை குடுத்தாங்க. பிரேசில்ல குரிச்சிபா நகரம் 1970-கள்லயே பஸ் தனிப்பாதை போற சாலை ஓரமா மட்டும் உயரமான கட்டடத்துக்கு அனுமதி குடுத்து, மத்த இடத்துல தாழ்வாவே வச்சது. அவங்க போட்டது மெட்ரோகூட இல்ல, வெறும் பஸ்தான்.

அடுத்தது பார்க்கிங். ஒரு கார் நிக்க ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர், சுமார் 135 சதுர அடி. உள்ள வர, திரும்ப வழி சேர்த்தா கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு. ஒரு சின்ன ஒற்றை அறை வீட்டுக்கான இடம் அது! மெட்ரோ வாசல்ல கட்டுற கட்டடத்துலயும் இத்தனை கார் நிறுத்தம் கட்டாயம்னா, அந்தச் செலவு ஃபிளாட் விலையிலதான் ஏறும். கார் இல்லாதவரும் அதுக்கு வட்டி கட்டுவார். வேணும்ங்கிறவர் தனியாக் காசு குடுத்து வாங்கட்டும். வேண்டாம்ங்கிறவருக்கு விலை குறையட்டும். இது எளிய காஸ்டிங் தத்துவம்தான்.

இப்போ முக்கியமான கேள்வி: லாபம் யாருக்கு?

மெட்ரோ ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தா கிலோமீட்டருக்கு சுமார் 532 கோடி. இதுல பெரும்பகுதி வெளிநாட்டு, பன்னாட்டு வங்கிக் கடன். திருப்பிக் கட்டப் போறது நம்ம வரி.

ஸ்டேஷன் வர்ற இடத்துல ஒருத்தருக்கு ஒரு கிரவுண்டு நிலம், 2,400 சதுர அடி, இருக்குன்னு வைங்க. சதுர அடி 8,000-ல இருந்து 12,000 ஆகுது. அவர் சும்மா இருந்தார், 96 லட்சம் கூடிடுச்சு. தப்பு சொல்லல. நானா இருந்தாலும் சந்தோஷப்படுவேன். ஆனா கணக்கைப் பாருங்க. விக்கிற வரைக்கும் இந்த ஏற்றத்துக்கு வருமான வரி கிடையாது. வித்தா நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%, இந்த 96 லட்சத்துக்கு மட்டும் பார்த்தா 12 லட்சம். நிபந்தனைகளுக்கு உட்பட்டு வேற வீட்டுல போட்டா அதுக்கும் விலக்கு கிடைக்கும். சொத்து வரி இந்த வேகத்துல ஏறாது. பத்திரப் பதிவுல மாநில அரசுக்கு 9% வருதே? வருது. ஆனா அதைக் கட்டுறது புதுசா வாங்குறவர். விலை ஏறினதால ஏற்கெனவே அடி வாங்கினவர் தலையிலயே அதுவும் விழுது. லாபம் பார்த்தவர் பைசா கட்டல.

ஹாங்காங்ல இந்த லாபத்தை வேற வழியில பிடிச்சாங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடி இருந்த விலையில ஸ்டேஷன் நிலத்தோட கட்டுமான உரிமையை ரயில் நிறுவனத்துக்கே குடுத்தாங்க. அது பில்டர்களோட சேர்ந்து மேல வீடு, மால், ஆபீஸ் கட்டி, அந்த லாபத்துல ரயில் போட்டது. ஜப்பான்ல இது இன்னும் பழசு. கோபயாஷி இச்சிசோங்கிறவர் 1910-ல் ஒசாகா பக்கம் ரயில் பாதை திறந்தார். அதே வருஷம் பாதை ஓரத்து நிலத்துல வீடு கட்டி மாதத் தவணையில வித்தார். ஆமாங்க, நம்ம இஎம்ஐ மாதிரியேதான்! 1929-ல் ஸ்டேஷன் வாசல்லயே டிபார்ட்மென்ட் ஸ்டோரும் திறந்தார். டிக்கெட் காசை மட்டும் நம்பி ரயில் நடத்தக் கூடாதுன்னு 100 வருஷம் முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இது மந்திரம் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். ஹைதராபாத் மெட்ரோவைக் கட்டின தனியார் நிறுவனத்துக்கு ரியல் எஸ்டேட் உரிமையும் சேர்த்தே குடுத்தாங்க. அப்படியும் நஷ்டத்துலதான் ஓடுச்சு. கடன் வட்டி பெருசா இருந்து, வாடகை வருமானம் மெதுவா வந்தா எந்த பிசினஸும் திணறும். அதனால நிலத்தை மட்டுமே நம்பி ரயில் போடலாம்னு நான் சொல்லல. ஏறுற விலையில ஒரு பங்காவது பொதுக் கணக்குக்குத் திரும்பணும்னு சொல்றேன்.

நீங்க கேட்கப் போற கேள்விகள்

"ஏற்கெனவே தண்ணி இல்ல, 2019 மறந்து போச்சா? இன்னும் மாடி கட்டினா என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. ஆனா மக்கள் வரத்தான் போறாங்க. அவங்க குடிக்கிற தண்ணி வேளச்சேரியில இருந்தாலும் ஊரப்பாக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதான். நெருக்கமா இருந்தா குழாய் நீளம் குறையும். பரவி இருந்தா அவங்க வீடு ஏதோ ஒரு ஏரியோட ஓரத்துலதான் வரும். 2015 வெள்ளம் அதுக்கு என்ன விலைன்னு காட்டிடுச்சு. ஆனா ஒண்ணு: குழாயும் கழிவுநீர் வசதியும் முதல்ல, கூடுதல் மாடி அப்புறம். அந்த வரிசை மாறினா எதிர்க்கிறவங்க சொல்றதுதான் சரி.

"எஃப்.எஸ்.ஐ கூட்டினா நில விலை இன்னும் ஏறுமே?" ஏறும். சும்மா கூட்டிக் குடுத்தா நிலம் வச்சிருக்கிறவருக்கும் பில்டருக்கும் பரிசு குடுத்த மாதிரிதான் ஆகும். அதனாலதான் நிபந்தனை வேணும்னு சொல்றேன்.

நான் கேட்கிறது நாலு

1. ஸ்டேஷன்ல இருந்து 500 மீட்டருக்குள்ள கூடுதல் எஃப்.எஸ்.ஐ வேணும்னா, அதுல ஒரு பங்கு கட்டாயமா சின்ன வீடுகளா இருக்கணும். பைக்ல 60 கிலோமீட்டர் போறவர் வாங்கற அல்லது வாடகைக்கு இருக்கற அளவுல.

2. அந்த வட்டத்துக்குள்ள கட்டாய கார் பார்க்கிங்கைக் குறைக்கணும்.

3. அங்க வசூலாகுற பிரீமியம் எஃப்.எஸ்.ஐ கட்டணம் அதே ஸ்டேஷனைச் சுத்தி நடைபாதை, குழாய், இணைப்பு பஸ்ஸுக்குப் போகணும். தனிக் கணக்கு, வருஷா வருஷம் வெளியிடணும். நான் ஆடிட்டர், இதை விட்டுக்குடுக்க மாட்டேன்.

4. புதுசா வர்ற பெரிய அரசு ஆபீஸ், பஸ் நிலையம், கல்லூரி எதுவா இருந்தாலும் ரயிலும் பஸ்ஸும் முதல் நாள்ல இருந்தே ஓடணும். இன்னொரு கிளாம்பாக்கம் வேண்டாம்.

இதெல்லாம் இப்போ ஏன்? சென்னைப் பெருநகரத்தோட ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான். அடுத்தது 2027-ல் இருந்து 2046 வரைக்கும். நீங்க இன்னிக்கு 20 வருஷ வீட்டுக் கடன் வாங்கினா, அந்தக் கடனும் இந்தப் பிளானும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் முடியும்! போதாததுக்கு, 1,189 சதுர கிலோமீட்டரா இருந்த பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 ஆக்கிட்டாங்க. அவ்வளவு இடத்துலயும் காரை நம்பியே ஊர் பரவினா, எத்தனை மெட்ரோ போட்டாலும் துரத்திப் பிடிக்க முடியாது.

வீடு வாங்கப் போறவங்களுக்கு

ஊர் மாறுற வரைக்கும் நாம காத்திருக்க முடியாதே. அதனால அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

விளம்பரத்துல "மெட்ரோவுக்கு 500 மீட்டர்"னு போட்டா, சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்களே நடந்து பாருங்க. ஸ்டேஷன் வாசல் எந்தப் பக்கம், நடுவுல எத்தனை ரோடு தாண்டணும், லைட் இருக்கா, மழையில தண்ணி நிக்குமா? மேப்ல 500 மீட்டர் இருக்கிறது நடக்கும்போது ஒண்ணேகால் கிலோமீட்டர் ஆகலாம்.

சர்வே நம்பரை வச்சு அந்த நிலமும் பக்கத்து நிலமும் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்குன்னு சி.எம்.டி.ஏ இணையதளத்துல பாருங்க. முன்னாடி ரோடு எத்தனை அடின்னும் அளந்துக்குங்க.

"வரப் போகுது"ன்னு சொல்ற மெட்ரோவுக்கு இன்னிக்கே விலை குடுக்காதீங்க. வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் வேலை ஆரம்பிச்சது 2008-ல். வெறும் 5 கிலோமீட்டர். அதை நம்பி வாங்கினவர் கடன்ல பாதிக்கு மேல கட்டி முடிச்ச பிறகும் ரயிலுக்காகக் காத்திருந்தார்.

கடைசியா, இஎம்ஐயும் போக்குவரத்துச் செலவும் சேர்த்து ஒரே எண்ணா எழுதுங்க. அந்த எண் கைக்கு வர்ற சம்பளத்துல பாதியைத் தாண்டினா வேற வீடு பாருங்க.

மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும்போது ஆட்சேபனை, ஆலோசனை சொல்ல மக்களுக்குச் சட்டப்படியே அவகாசம் உண்டு. கிரெடிட் கார்டுல 200 ரூபாய் தப்பா பிடிச்சா மூணு தடவை போன் பண்ற ஆட்கள் நாம. 20 வருஷச் செலவை முடிவு பண்ற விஷயத்துக்கு ஒரு கடிதம் எழுத மாட்டோமா? வரைவு வந்ததும் எப்படி எழுதுறதுன்னு தனி வீடியோ போடுறேன். உங்க ஏரியா ஸ்டேஷன் பேரையும், அங்க இறங்கி வீட்டுக்கு நடக்க முடியுதா இல்லையாங்கிறதையும் இப்பவே குறிச்சு வச்சுக்குங்க. அதுதான் கடிதத்தோட முதல் வரி.

(இது பொதுவான தகவலும் என் சொந்தக் கருத்தும்தான். உங்க வருமானம், கடன், வரி நிலைமைக்கு ஏத்த மாதிரி ஆலோசனை கேட்டு முடிவு எடுங்க.)